பிலோமினா, கோட்டை எடு!

பெல்ஃபாஸ்ட்டில் நோரீனின் அக்கா பிலோமினாவைத் திருடி என்று தெரியாத ஆளே கிடையாது. கால்பந்து மைதானத்தில் எதிரணிக்காரன் பந்தைப் பறித்தால்கூட, "பிலோமினா, திருடி!" என்றுதான் கத்துவார்கள். ஆனால் அவளை அப்படித் திட்டிப் பாட்டுப் பாடிய, நோரீனின் 'லீக்கி கெட்டில்' என்கிற பங்க் ராக் குழுவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் முழிப்பார்கள். என்ன ஊரோ, போங்கள்!

எழுபத்தெட்டில் நோரீனுக்குப் பதினேழு வயது. புதுத் தோல் கோட்டைக் காணவில்லை. அக்காதான் சுட்டுவிட்டாள் என்று ஆத்திரத்தில் ஒரு பாட்டுக் கட்டினாள். இரண்டு சரணம் முழுக்க வசவு. மூன்றாவதை எழுதுவதற்குள் கோட்டு கதவுக்குப் பின்னால் சமர்த்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நல்ல மனசுக்காரி, கடைசிச் சரணத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டாள்.

கேட்டு என்ன புண்ணியம்? மாதா கோவில் கூடத்தில் ஒலிப்பதிவு செய்த அன்று, பாட்டு முடியும்போது டீ தயாராக இருக்கட்டுமே என்று டிரம்ஸ் மலாக்கி, கிதாரின் ஒலிபெருக்கி செருகியிருந்த மின்பலகையிலேயே கெட்டிலையும் செருகிவிட்டான். இரண்டாவது சரணத்தின் நடுவில் பியூஸ் போயிற்று. மறுநாள் கிதார்க்காரன் கனடாவுக்கு விமானம் ஏறிவிட்டான், குழுவும் கலைந்தது. இருந்தது இருந்தபடியே இசைத்தட்டு வந்தது. திட்டு இருந்தது, மன்னிப்பு இல்லை.

அப்புறம் வந்த பொடியன்கள், பாட்டு பாதியில் அறுந்ததை வேண்டுமென்றே செய்த கலை என்று எடுத்துக்கொண்டார்கள்! ஊரிலிருக்கும் அத்தனை பங்க் குழுக்களும் பாட்டைப் பாதியில் வெட்டின. வெட்டியதும் கூட்டம் மூச்சுவிடாமல் நிற்க வேண்டும். முதலில் இருமுகிறவன் எல்லாருக்கும் பீர் வாங்கித் தர வேண்டும். இப்படி ஒரு சம்பிரதாயமே வந்துவிட்டது. எல்லாம் ஒரு டீயால் வந்த வினை.

நோரீன் அக்காவிடம் மன்னிப்புக் கேட்காமலா இருந்தாள்? ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேட்டாள்.

"ஊரறிய மைக்குல திட்டிட்டு அடுப்படியில மன்னிப்பாடி? மைக்குலயே சொல்லு" என்று வான்கோழியை வெட்டியபடியே சொல்வாள் பிலோமினா. அப்புறம் சாப்பாடு முடியும்வரை பேச்சு கிடையாது. நோரீனுக்கு நெஞ்சு வலிக்கும். கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான்.

அதனால், பல வருஷம் கழித்து ஊர் இசைக்கூடத்து ஆண்டு விழாவில் பழைய குழுவைப் பாடக் கூப்பிட்டதும் நோரீன் குதித்தாள். அக்காவைக் கெஞ்சிக் கூத்தாடி மூன்றாவது வரிசையில் உட்காரவைத்தாள். மேடையேறுமுன் மலாக்கியின் பையைப் பிடுங்கிக் கவிழ்த்தாள்.

"கெட்டில் எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

"தாயே, இல்லவே இல்ல! பிளாஸ்க்குதான் கொண்டாந்தேன்."

"பாட்டு முடியிறவரைக்கும் அதையும் தொடாத."

பாட்டு ஆரம்பித்தது. கூட்டம் கூரை பிய்ந்துபோகக் கத்தியது. முதல் சரணம் முடிந்தது. இரண்டாவதன் நடுப்பகுதி நெருங்கியது. இதோ, இன்னும் கொஞ்சம்தான், மன்னிப்பு வந்துவிடும்.

பட்டென்று மைக் செத்தது. விளக்கும் போயிற்று.

"மலாக்கி, நாசமாப் போறவனே!"

"நான் இல்லம்மா! அங்க பாரு!"

ஒலிப்பெட்டிக்குப் பின்னால் கோனர் என்கிற தாடிக்காரன், 'லீக்கி கெட்டில்' குழுவின் பரம பக்தன், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தில் கண்ணீர் மல்க நின்றான். இசைத்தட்டில் இருப்பதுபோலவே, சரியாக அதே இடத்தில்!

கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஒரு இருமல் இல்லை. நோரீன் செத்த மைக்கைக் கீழே வைத்தாள். அப்போதுதான் உறைத்தது: இவ்வளவு அமைதியில் மைக் எதற்கு?

தொண்டை கிழியக் கத்திப் பாடினாள்.

"கோட்டு கதவுக்குப் பின்னால இருந்துச்சு, பிலோமினா! நான்தான் லூசு! நீ திருடி இல்ல, தங்கம்! மன்னிச்சிரு!"

இருட்டில் யாரோ விசும்பும் சத்தம். மூன்றாவது வரிசையில் பிலோமினா எழுந்து நின்றாள்.

"ஏண்டி நோரீன்... இத்தன வருஷமா நீ மன்னிப்புக் கேக்கக் கேக்க எனக்கு ஒரு வாய் இறங்கலடி. அந்தக் கோட்ட நான்தான் எடுத்தேன். டான்ஸுக்குப் போட்டுட்டுப் போனேன். நீ பாட்டு எழுதுறேன்னு தெரிஞ்சதும் பயந்துபோய்க் கொண்டாந்து மாட்டிட்டேன்."

அத்தனை பேரும் ஒன்றாக இருமினார்கள்.

நோரீன் மேடை விளிம்புக்கு வந்தாள். அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கோனர் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, கரண்ட்டப் போடு. முதல்லேர்ந்து பாடணும்."