பிசிறு வெட்டாத பதிவு

விஜயராணி டீச்சர் இறந்த இருபத்தாறாம் நாள், எங்கள் பாட்டு வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய மகள் அனுசுயா ஒரு செய்தி போட்டாள். "அம்மா பாடினது யார் போன்லயாவது இருக்கா? பேசின வாய்ஸ் மெசேஜ் எங்கிட்ட நிறைய இருக்கு. பாட்டுதான் இல்ல. முப்பதாம் நாள் பூசைக்கு ஞாயித்துக்கிழமை வர்றேன். இருந்தா கொண்டு வாங்க."

குழுவில் பன்னிரண்டு பேர். மாலை வரை ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பாட்டு வகுப்புக்கு இதைவிடக் கேவலம் உண்டா?

டீச்சர் மாணவர்கள் முன்னால் பாடவே மாட்டார். நாற்பது வருடமாக அதுதான் அவர் வழக்கம். "நான் பாடினா நீங்க என்னைய மாதிரியே பாடுவீங்க. எனக்கு உங்க தொண்டைதான் வேணும்" என்பார். தொடங்கும்போது சுருதிக்கு ஒரு "ம்" மட்டும் கொடுப்பார். சினிமாப் பாட்டு, கோயில் பாட்டு, சர்ச் பாட்டு எதுவும் கிடையாது. ஏற்கெனவே பாடியவர்களின் குரல் நம் மண்டைக்குள் உட்கார்ந்திருக்குமாம். அதனால் பஸ் போகும் ஊர்களின் பெயர்களை ராகம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார். பல்லடம், உடுமலை, மடத்துக்குளம், பழனி. மடத்துக்குளத்தில் குரல் ஏற வேண்டும், பழனியில் இறங்க வேண்டும். மூன்று வருடத்தில் நான் மடத்துக்குளத்தைத் தாண்டியதே இல்லை.

நான் ராமர். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். இருபத்திரண்டு வருடம் ஓவர்லாக் மிஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தித் தொண்டை கட்டையாகிவிட்டது. மாத்திரைக்குக் கேட்கவில்லை. எங்கள் யூனிட் டெய்லர் செல்லத்தாய்தான் டீச்சரிடம் கூட்டிப்போனாள். அங்கே என்னைத் தரையில் மல்லாக்கப் படுக்கச் சொல்லி, வயிற்றின் மேல் ஒரு டஜன் பனியன் கட்டைத் தூக்கி வைத்தார். மூச்சு இழுத்தால் கட்டு மேலே எழும்ப வேண்டும், நெஞ்சு அசையக் கூடாது. நாற்பத்தாறு வயது ஆளுக்கு இது தேவையா என்று நினைத்தேன். ஆனால் இரண்டே மாதத்தில் தொண்டை சரியாகிவிட்டது. அதற்குப் பிறகும் ஏன் போனேன் என்று கேட்டால், டீச்சர்தான் காரணம். ஒரு ஆள் சரியாக மூச்சு விட்டுவிட்டால் அவர் முகத்தில் வரும் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர் வேலை முடிந்து ஓய்வு பெற்றபின், வேறு யாராவது என்றால் மகளோடு போய் இருப்பார்கள். இவர் எங்களைப் பிடித்துக்கொண்டார். கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட, பக்கத்துக் கட்டிலில் இருமிக்கொண்டிருந்த அம்மாவுக்கு அடிவயிற்றிலிருந்து மூச்சு விடச் சொல்லிக்கொடுத்து நர்ஸிடம் திட்டு வாங்கினார்.

பாடுவதைப் பதிவு செய்து வீட்டில் கேட்க வேண்டும் என்பது அவர் உத்தரவு. பதிவு செய்து குழுவில் போடுவது என் பொறுப்பு. செக்கிங் கை சும்மா இருக்குமா? பனியனில் தையல் ஓரம் நூல் தொங்கினால் அதற்குப் பிசிறு என்று பெயர். பிசிறு வெட்டாமல் ஒரு பீஸும் பெட்டிக்குள் போகாது. நான் பதிவுகளுக்கும் பிசிறு வெட்டினேன். டீச்சரின் "ம்", விரல் சொடுக்கு, "மூச்சு, மூச்சு" என்ற அதட்டல், சிரிப்பு, எல்லாவற்றையும் முன்னும் பின்னும் நறுக்கிவிட்டுப் பாட்டை மட்டும் போட்டேன். எவ்வளவு சுத்தம் என்று எல்லோரும் பாராட்டினார்கள். போனில் இடமில்லை என்று மீதியை அழித்தும் விட்டேன். மூன்று வருடப் பதிவில் டீச்சர் ஒரு இடத்திலும் இல்லை. நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஆனால் ரிஜெக்ட் ஆன பீஸுக்கு யாரும் பிசிறு வெட்டுவதில்லை. அப்படி ஒன்று என்னிடம் இருந்தது.

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் போனபின் டீச்சர் என்னை மட்டும் நிறுத்திவைத்தார். மடத்துக்குளத்தில் ஏழு முறை குரல் உடைந்தது. எட்டாவது முறை எனக்கு அழுகை வந்துவிட்டது. "எனக்கெல்லாம் இது வராது டீச்சர், கத்துறதுக்குப் பொறந்த தொண்டை" என்று தேம்பினேன். அவர் என் தேம்பலின் மேலேயே பாட ஆரம்பித்தார். பழனி வரை பாடினார். முடித்துவிட்டு "ம், இப்ப நீங்க" என்றார். நான் பதிவை நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன். அடுத்த வாரம் அவர் அந்த வரியைக் கேட்கவில்லை. ஊத்துக்குளி, ஈரோடு என்று மேடு பள்ளமில்லாத வரி ஒன்றைக் கொடுத்தார்.

அந்தப் பதிவை யாருக்கும் போட்டுக்காட்டவில்லை, அழிக்கவும் மனம் வரவில்லை. இப்போது அனுசுயாவுக்குக் கொடுத்தால் நான் அழுததும் சேர்ந்தே போகும். நாற்பது பேரை அதட்டி வேலை வாங்குகிறவன் நான். வகுப்பில் இருக்கும் செல்லத்தாய் யூனிட்டில் என் லைனிலேயே தைக்கிறாள். அழுகையை மட்டும் வெட்டிவிடலாம் என்று சனிக்கிழமை முழுக்கப் பார்த்தேன். பல்லடத்திலிருந்து மடத்துக்குளம் வரை என் தேம்பலும் அவர் பாட்டும் பின்னிக் கிடந்தன. கத்தரி வைக்க இடமில்லை. கொடுக்கவே வேண்டாம் என்று முடிவு செய்துதான் ஞாயிறு போனேன்.

பூசை முடிந்து டீச்சர் வீட்டில் கூடினோம். அது சாமியப்பனின் காம்பவுண்டில் மாடி வீடு. சாமியப்பன் வீட்டுக்காரர் மட்டுமல்ல, எழுபது வயதில் எங்களோடு பாட்டும் படித்தவர்.

"ஏனுங்க ராமரு, எப்பவும் நீங்கதானுங்க போன் புடிச்சீங்க. ஒண்ணுகூடவா இல்லீங்க?" என்றார்.

"பூராம் வெட்டிட்டேன்" என்றேன். எப்படி வெட்டினேன் என்பதையும் சொன்னேன்.

அனுசுயாவின் முகம் வாடிவிட்டது. "பரவால்லண்ணே. ஆறு வயசுல என்னையும் வகுப்புல உக்கார வச்சாங்க. அதோட எனக்கும் பாடுறத நிறுத்திட்டாங்க. அதுக்கு முன்னாடி பாடினது ஞாபகம் இல்ல. அதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, ரயிலுக்கு நேரமாயிற்று என்று பையை எடுத்தாள்.

என் வாய் தானாகத் திறந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஒண்ணு இருக்கும்மா. ரிஜெக்ட் பீஸ்" என்றேன். பிறகு செல்லத்தாய் பக்கம் திரும்பி, "நாளைக்கு யூனிட்ல நீ வாயத் தொறந்தேன்னா பாத்துக்க" என்றேன்.

"நான் என்னத்தண்ணே சொல்லப்போறேன், போடுங்க" என்றாள்.

போட்டேன். என் குரல் ஏழு முறை உடைந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் தேம்பியபோது சிரிப்பு நின்றுவிட்டது. தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் டீச்சர் பாடினார். கொஞ்சம் தடித்த, தெளிவான குரல். அனுசுயா பையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பழனியில் இறங்கி முடித்ததும் போன், "ம், இப்ப நீங்க" என்றது. அதோடு நின்றுவிட்டது.

அன்றைக்கு எழுந்து போன மாதிரி இன்றும் போக முடியாது. வயிற்றின் மேல் பனியன் கட்டு இருப்பதாக நினைத்து மூச்சை இழுத்தேன். பல்லடம் என்று ஆரம்பித்தேன். உடுமலையில் மூச்சு மிச்சம் இருந்தது. மடத்துக்குளத்தில் குரல் கரகரத்தது, ஆனால் ஏறிவிட்டது. பழனியில் மெதுவாக இறங்கினேன். டீச்சர் பாடின மாதிரி இல்லை. என் கட்டைத் தொண்டைதான். அவர் கேட்டதும் அதைத்தான்.

அனுசுயா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு அனுப்புங்கண்ணே" என்றாள்.

"நான் அழுத எடத்த எப்படியாச்சும் வெட்டிட்டு அனுப்புதேம்மா."

"வெட்டாதீங்கண்ணே" என்றாள். "நீங்க அழுததுக்குத்தானே அம்மா பாடினாங்க."

அப்படியே அனுப்பினேன்.