நீல டிரம் ஆப்பிள்

இரண்டாம் மாடியிலிருந்து மொட்டை மாடிக்கு முப்பத்தாறு படிகள். ஸ்வர்ணலதாவைக் கேட்டால் அப்படிச் சொல்லமாட்டாள். பன்னிரண்டு படி, ஒரு மூச்சு. பன்னிரண்டு படி, இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு மூச்சு. அப்புறம் மிச்சம் என்பாள். கையில் அரை வாளி தண்ணீர் வேறு. மாடியில் ஒரு குழாய் இருந்தது. ஒழுகுகிறது என்று ஃபிளாட் சங்கத்தார் அதை அடைத்துவிட்டார்கள். ஒழுகலை நிறுத்தத் தெரியாதவர்களுக்குக் குழாயை நிறுத்த மட்டும் தெரிந்திருந்தது.

இத்தனை பாடும் ஒரு ஆப்பிள் மரத்துக்காக. மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டுக்குப் பின்னால், பகல் பதினோரு மணிக்கே காக்காய் நிழல் தேடும் மொட்டை மாடியில் ஆப்பிள்.

அவள் கேட்டு வந்த மரமில்லை. கணவர் விஜயராகவன் வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, வடக்கே எங்கோ ஒரு நர்சரியிலிருந்து கூரியரில் வரவழைத்தது. குட்டை ரகம், ஆறடிக்கு மேல் போகாது, வெக்கை தாங்கும். ஒரே அடிமரத்தில் இரண்டு வகையை ஒட்டுக் கட்டியிருந்ததால் காய் பிடிக்கத் துணைக்கு இன்னொரு மரமும் தேவையில்லை. நீல பிளாஸ்டிக் டிரம் ஒன்றைப் பாதியாக அறுத்து, அடியில் ஓட்டை போட்டு, செம்மண்ணும் தேங்காய் நார்த்தூளும் எருவும் கலந்து நட்டார். சிரிக்காதவர் இல்லை. கீழ்த்தளத்துக் கிச்சா மாமாதான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார். "விஜயா, நன்னா ஏமாந்துட்டேடா. வளர்ந்தப்புறம் பாரு, எலந்தைப் பழம் காய்க்கப் போறது!"

நட்ட இரண்டாம் வருஷம் விஜயராகவனுக்கு வாதம் வந்தது. வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, வார்த்தைகளும் போயின. தண்ணி, வலி, வேணாம் என்று நாலைந்து மட்டும் மிஞ்சின. மரத்தைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் அவர் முன்பே ஒரு பழைய டைரியில் குண்டுக் கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார். அதைப் படித்துப் படித்து ஸ்வர்ணலதா மரம் வளர்க்கக் கற்றுக்கொண்டாள். விரும்பிக் கற்றுக்கொண்டாள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

ஆப்பிள் குளிரில் இலை உதிர்த்துத் தூங்கி எழுந்தால்தான் பூக்குமாம். மெட்ராஸ் மார்கழி மனிதருக்கு மப்ளர் சுற்றப் போதுமே தவிர மரத்தைத் தூங்க வைக்கப் போதாது. ஆகையால் நாமே ஏமாற்ற வேண்டும். மழை நின்ற கையோடு தண்ணீரைக் குறைத்து, டிரம்மின் வாயை பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி, ஒவ்வொரு இலையாக, கணுவில் இருக்கும் மொட்டுக்கு அடிபடாமல், கையால் கிள்ளி எடுக்க வேண்டும். டிசம்பரில் மூன்று நாள் சாயங்காலம் அதைச் செய்தாள். விஜயராகவனைக் குளிப்பாட்டிவிட பெரும்பாக்கத்திலிருந்து வரும் அன்புச்செல்வி, துணி உலர்த்தப் போனவள், பார்த்துவிட்டு வாயில் கை வைத்தாள்.

"இன்னாமா இது, நல்லா கீற மரத்த இப்டி மொட்ட அட்ச்சிட்டே?"

"தூங்க வெச்சிருக்கேன்."

"மரத்தியா?"

"ஆமா. எனக்கு யாராவது இப்படிப் பண்ணினாத் தேவலை."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் அது பொய்யில்லை. தண்ணீர் வேண்டாம், எரு வேண்டாம், ஒரு மாதம் சும்மா இரு என்று அவளிடம் எந்தப் பிறவியும் சொன்னதில்லை. இரண்டு வருஷமாக அவள் அயர்ந்து தூங்கியதே கிடையாது. அவர் இருமினால் விழிப்பு, இருமாவிட்டால் அதைவிட சீக்கிரம் விழிப்பு.

இதில் அவருடைய பிடிவாதம் ஒன்று. புதிதாக ஒரு சொல் வந்திருந்தது அவருக்கு: "பூ?" நேரம் காலம் தெரியாமல் கேட்பார். படுக்கை நனைந்து, அன்றைக்கு மூன்றாவது முறையாக விரிப்பை மாற்றி, இவள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும்போது, "பூ?" கஞ்சியைத் துப்பி, இவள் டம்ளரை 'ணங்'கென்று வைக்கும்போது, "பூ?" பதில் சொல்லாவிட்டால் விடமாட்டார். மேலே கையைக் காட்டிக்கொண்டே இருப்பார். "போய்ப் பார்த்துத் தொலைக்கறேன்" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள்.

தண்ணீர் ஊற்றியதும் உடனே இறங்க முழங்கால் இடம் கொடுக்காது. தண்ணீர்த் தொட்டியின் சிமென்ட் விளிம்பில் பத்து நிமிஷம் உட்காருவாள். கோபுரத்து உச்சியும் மெட்ரோ வேலைக்கு நிற்கும் கிரேனும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். ஐந்தரை மணிக்குக் கடல் காற்று வரும். அங்கே யாரும் அவளைக் கூப்பிடமாட்டார்கள். அப்புறம் எழுந்து, மரத்தைத் திட்டிக்கொண்டே இறங்குவாள்.

இந்த வருஷத்தோடு சரி என்று அவள் தீர்மானித்திருந்தாள். டொரன்டோவிலிருந்து மகள் தாரணியும் ஃபோனில் அதையே சொன்னாள்: "யாருக்காவது குடுத்துடும்மா, உன் முட்டிதான் முக்கியம்." இந்தத் தடவை காய் பிடித்தால் சரி. பிடிக்காவிட்டால் மரம் போகிறது. ஆனால் அவரிடம் எப்படிச் சொல்வது? அந்த மனிதர் உலகத்தில் கேட்பது ஒரே ஒரு கேள்வி. அதையும் பிடுங்கிக்கொள்வதா? காய்த்துவிடேன், சனியனே, என்று மரத்திடம் சண்டை போட்டாள். வேண்டுதலும் அதுவேதான்.

தை பிறந்த வாரத்தில் மரம் பூத்தது. குச்சி குச்சியாக நின்ற கிளைகளில், கொத்துக் கொத்தாக, வெள்ளையில் ரோஜா நிறம் ஓடிய ஐந்திதழ்ப் பூக்கள். ஃபோனில் படம் எடுத்துக் காட்டினாள். விஜயராகவனின் இடது கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வழிந்தது. அவளுக்கும் மகிழ்ச்சிதான், பொய் சொல்வானேன். தாரணியின் பழைய வாட்டர்கலர் பிரஷ்ஷைத் தேடி எடுத்து, டைரியில் சொன்னபடி ஒரு கிளையின் மகரந்தத்தை இன்னொரு கிளைப் பூக்களில் தடவினாள். அன்றைக்கு எண்ணினாள். முப்பத்தொன்று.

மறுநாள் இருபத்தாறு. அதற்கடுத்த நாள் இருபத்தொன்று.

போன வருஷமும் இப்படித்தான் ஆயிற்று. அப்போது ஏழெட்டுப் பூதான், வெயிலில் உதிர்ந்தது என்று விட்டுவிட்டாள். இந்தத் தடவை குனிந்து பார்த்தாள். கீழே ஒரு இதழ்கூட இல்லை. அணில் என்று முடிவு கட்டி, பழைய கொசுவலையைக் கிழித்து மரத்தைச் சுற்றிக் கட்டினாள். அந்த அணில் வலையை அவிழ்த்து, பூவை எடுத்துக்கொண்டு, மறுபடி முடிச்சுப் போட்டுவிட்டுப் போயிற்று. அதையும் அவள் கவனிக்கவில்லை. களைத்த மனுஷி முடிச்சையா பார்ப்பாள்? ஐந்து, ஐந்தாகக் குறைந்துகொண்டே வந்து கடைசியில் ஒன்றும் இல்லை. பிரஷ்ஷைக் கழுவி அலமாரியில் வைத்தாள். அவரிடம், "இருக்கு, இருக்கு" என்று சொல்லி வைத்தாள்.

கிச்சா மாமா தினமும் ஏழரைக்குப் பிரசாதம் கொண்டு வருவார். குங்குமம், துளசி, ஒரு உத்தரணி தீர்த்தம். விஜயராகவனின் நெற்றியில் இட்டு, "எழுந்து நடப்பேடா" என்று சொல்லிவிட்டுப் போவார். எழுபத்து நாலு வயது, மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷம், தனி ஆள். அந்த வெள்ளிக்கிழமை அவருடைய தட்டு இவள் வீட்டிலேயே தங்கிவிட்டதால், பூஜைக்கு வேண்டியிருக்குமே என்று ஏழு மணிக்கு அவளே கீழே கொண்டு போனாள். கதவு திறந்திருந்தது. அவர் தன்வந்திரி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அப்போதுதான் நூற்றெட்டு நாமத்தை முடித்திருந்தார். படத்தின் காலடியில் துளசிக்கும் நந்தியாவட்டைக்கும் நடுவே, வெள்ளையில் ரோஜா நிறம் ஓடிய, வாடிச் சுருங்கிய ஐந்திதழ்ப் பூக்கள் நாலைந்து கிடந்தன.

"வா, ஸ்வர்ணம். நானே வந்திருப்பேனே."

"மாமா, இந்தப் பூ..."

"உங்காத்துப் பூதான். நேத்தோட தீர்ந்து போச்சு, வாடினாலும் பரவாயில்லைன்னு அதையே வெச்சிருக்கேன்." கிச்சா மாமாவின் முகமெல்லாம் மலர்ச்சி. "விஜயனுக்காக ஒரு மண்டலம் அர்ச்சனை பண்ணிண்டு வரேன். கடைப் பூ கூடாது, கைப்படப் பறிக்கணும். யாருக்காகப் பண்றோமோ அவா ஆத்துப் பூவாவே இருந்தா ரொம்ப விசேஷம். விடியக்காலம் உன்னை எழுப்புவானேன்னு நானே மேல போய் அஞ்சே அஞ்சு எடுத்துண்டு வந்துடுவேன். வலைகூட முன்ன மாதிரியே கட்டிடுவேன். போன வருஷமும் பண்ணினேன். அதனாலதான் 'பூ'ங்கற வார்த்தையே அவன் வாயில வந்தது, பார்த்தியோ?"

"அது ஆப்பிள் பூ, மாமா."

"தெரியுமே!"

"பூவைப் பறிச்சுட்டா காய் எப்படி வரும்?"

அவர் அவளைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். உட்கார்ந்தபடியே அவர் சின்னதாகிப் போனார்.

"காய்க்குமா அது? மெட்ராஸ்ல ஆப்பிள் எங்க காய்க்கப் போறது, பூவாவது பெருமாளுக்குப் போகட்டுமேன்னுதான்... நிஜமாவே காய்ச்சிருக்குமா, ஸ்வர்ணம்?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி வரம் வாங்கித் தருகிறேன் என்று வந்த வரத்தையே கிள்ளிப் போட்டிருக்கிறார். கத்தியிருப்பாள். ஆனால் கீழ்த்தளத்திலிருந்து மொட்டை மாடிக்கு எழுபத்திரண்டு படி. விடியற்காலை இருட்டில், இந்தக் கால்களோடு, நாள் தவறாமல் ஏறியிருக்கிறார். அவரிடம் எந்தக் கோபத்தைக் காட்டுவது? பிரசாதத்தை வாங்கிக்கொண்டு படியேறினாள்.

வாசலில் நுழைந்ததும் கட்டிலிலிருந்து கேட்டது: "பூ?"

இரண்டு வருஷம் அடக்கி வைத்ததெல்லாம் அவிழ்ந்துவிட்டது.

"பூவும் இல்லை, காயும் இல்லை! உங்க கிச்சா எல்லாத்தையும் பறிச்சு அர்ச்சனை பண்ணிட்டார். யாருக்கு? உங்களுக்கு! நீங்க எழுந்து நடக்கணுமாம்!"

விஜயராகவனின் இடது பக்க உதடு கோணியது. தோள் குலுங்கியது. வலிப்பு வந்துவிட்டதோ என்று ஓடிப்போய்ப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தார். இந்தக் கட்டிலில் விழுந்த பிறகு முதல் சிரிப்பு. அது அவள் ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது.

"சிரிங்கோ. எனக்கு முடியலை. முழங்கால் வீங்கிக் கிடக்கு. நான் செத்துண்டிருக்கேன். அந்த மரத்தை யாருக்காவது குடுத்துடப் போறேன். இனிமே பூன்னு கேக்காதீங்கோ!"

சிரிப்பு நின்றது. இடது கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"வேணாம்," என்றார். "காய்... வேணாம்." வார்த்தையைத் தேடி முகம் சிவந்தது. கையை விடுவித்து, விட்டத்தைக் காட்டினார். "மேல... காத்து." பிறகு அந்த விரல் மெல்லத் திரும்பி அவள் பக்கம் வந்தது. "உனக்கு."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. அவர் தன் படுக்கையைக் காட்டி, தன்னைக் காட்டி, புறங்கையால் 'போ, போ' என்று விசிறினார்.

அப்போதுதான் நனைந்த விரிப்பு நினைவுக்கு வந்தது. 'ணங்'கென்று வைத்த டம்ளர் நினைவுக்கு வந்தது. நேரம் காலம் தெரியாமல் கேட்கிறார் என்று நினைத்திருந்தாள். நேரம் பார்த்துப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறார். இவள் உடையப்போகும் நேரத்துக்கெல்லாம் ஒரு "பூ?" வைத்திருக்கிறார். அனுப்பிவிட்டு, எழுந்திருக்க முடியாத இந்தக் கட்டிலில், தண்ணீர் வேண்டுமென்றால் கேட்க ஆளில்லாமல் அரை மணி நேரம் தனியாகக் கிடந்திருக்கிறார். ஸ்வர்ணலதா கட்டிலின் கால்மாட்டுச் சட்டத்தில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். அவர் அவள் தலையைத் தொடவில்லை. கை அவ்வளவு தூரம் எட்டவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிச்சா மாமா வந்தார். கூட வாட்ச்மேன் ஜவஹர், தோளில் கயிற்றோடு.

"டிரம்மை எறக்கிடலாம், ஸ்வர்ணம். எங்காத்து வாசல்ல நல்ல வெயில் வரது. நானே தண்ணி விட்டுக்கறேன். நீ இனிமே ஏற வேண்டாம். பூவைத் தொட்டா ஏன்னு கேளு."

இந்த வார்த்தைக்காக இரண்டு வருஷமாக ஏங்கியிருக்கிறாள். நேற்று சொல்லியிருந்தால் அவர் காலில் விழுந்திருப்பாள்.

"வேண்டாம் மாமா. மேலயே இருக்கட்டும்."

"உன் முழங்கால்?"

"வாளியை ஜவஹர் கொண்டு வந்து வெச்சாப் போதும். நீங்க ஒரு உபகாரம் பண்ணுங்கோ. தினம் இந்த நேரத்துக்கு வந்து, நான் எறங்கி வர வரைக்கும் இவர்கிட்ட உக்காந்துண்டிருங்கோ."

கிச்சா மாமா தலையாட்டிவிட்டுக் கட்டிலண்டை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பூ?"

"ஒண்ணும் இல்லை," என்றாள் ஸ்வர்ணலதா. "நான் மேல போயிட்டு வரேன்."