வலையில் கிடந்த ஞானதாசன்

ஜின்சியின் மாமனாருக்குக் கோயிலில் வைத்த பேர் ஞானதாசன். கரையில் அவரை அப்படி ஒரு பயலும் விளித்ததில்லை. சின்ன வயதில் சாளைமீன் கூடைக்குள் தலைகுப்புற விழுந்தவர், அன்றிலிருந்து சாளை. பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தபோது, “யாருடே இந்த ஞானதாசன்?” என்று சொந்தக்காரர்களே முழித்தார்களாம்.

அதனால்தான் அந்தச் சங்கின்மேல் அவருக்கு அத்தனை ஆசை. வட்டக்கோட்டைக்கு வெளியே ஆழத்தில் அவர் போட்ட வலையில் வந்தது, கட்டைவிரல் நீளம். கல்லூரியில் விலங்கியல் நடத்தும் ஜின்சி புத்தகங்களையெல்லாம் புரட்டிவிட்டு, “மாமா, இது புதுசு. ஒங்க பேரத்தான் வைக்கப் போறேன்” என்றாள். அவசரக்குடுக்கை! கட்டுரை அச்சாகும்வரை வாயை மூடியிருக்கலாம். மறுவாரமே சிலுவை நிற்கும் குருசடி முக்கில் பிளக்ஸ் எழும்பிவிட்டது. ஒரு பக்கம் சங்கு, மறுபக்கம் கூலிங்கிளாஸ் போட்ட மாமா, நடுவில் கொட்டை எழுத்தில் ‘கடலில் புதிய சங்கு: ஞானதாசன்’.

அப்புறம்தான் வினை வந்தது. ஜின்சி உயிரோடு உள்ள சங்குகளோடுதான் ஒப்பிட்டுப் பார்த்திருந்தாள். கல்லாய்ப் போனவற்றைப் பார்க்கவில்லை. பார்த்ததும் கிடைத்தது. கேரளத்துச் சுண்ணாம்புப் பாறையில் கோடி வருஷத்துக்கு முந்தைய ஓடு. அதே வரி, அதே முறுக்கு, வாயோரம் அதே பல். நம் பாட்டன் பூட்டன் காலத்திலேயே ஒரு வெள்ளைக்காரச் சாயிப்பு அதற்கு லத்தீனில் பேர் வைத்துவிட்டார். அதுவும் தன் மாமியார் பேரை!

முந்தி வைத்த பேர்தான் நிற்கும், அது இந்த வேலையின் சட்டம். பூண்டோடு அழிந்ததாகக் கைகழுவப்பட்ட ஒன்று உயிரோடு கிடைத்தது பெரிய சங்கதிதான். ஆனால் மாமாவிடம் எந்த முகத்தோடு சொல்வது?

ஒருவழியாகச் சொன்னாள். கேட்டுவிட்டு மாமா வலைக்கண்ணை நோண்டிக்கொண்டே இருந்தார்.

“அந்தச் சாயிப்பு உயிரோட கண்டானா?”

“இல்ல மாமா. கல்லுக்குள்ள கெடந்ததத்தான்.”

“செத்ததுக்குப் பேரு வச்சிருக்கான்.” அறுந்த கண்ணை முடிந்துவிட்டு, “செரி. ஞானஸ்நானம் ஒருக்கத்தான் மக்கா. ரெண்டாமது கேட்டா சாமியாரு ஏசுவாரு. அவன் வச்சதையே எழுது” என்றார்.

எழுந்துபோய் பிளக்ஸைத் தன் கையாலேயே அவிழ்த்தார். மீன்பெட்டி மூட ஆகும் என்று சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார்.

ஆனால் அது தொங்கிய நாட்களில் கரை மொத்தமும் அதைப் படித்து முடித்திருந்தது. அடுத்த வாரம், வேறு சங்கு ஏதும் அகப்படுமா என்று ஜின்சியும் கடற்கரைக்குப் போயிருந்தாள். மாமாவின் கூட்டாளி ஆன்ட்ரூஸ் வலையை உதறிக்கொண்டே ஊருக்கே கேட்கக் கத்தினார்.

“ஏலே சாளை! ஒனக்க வலையில ரெண்டு ஞானதாசன் கெடக்கு. ஒண்ணு உயிரோட ஊருதுலே!”

மாமா மணலில் விழுந்தடித்து ஓடினார். சங்கை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, கண் கலங்க ஆன்ட்ரூஸைப் பார்த்தார்.

“இன்னொருக்க விளிலே.”