சலவைத் தெருவின் ஆவி

கொதிகலன் சட்டம் வந்த கோடையில், சலவைத் தெருவில் நான்கு பேருக்குப் பேசும்போதெல்லாம் வாயிலிருந்து ஆவி வந்தது. அந்த வருஷம் சோப்புத்தூள் விலை ஏறியிருந்தது, மழையும் பொய்த்திருந்தது. நாய்கள் சாக்கடையில் படுத்துக் கிடந்த வெயிலில், அந்த நால்வரும் வாயைத் திறந்தால் குளிர்கால விடியலில் வருவதுபோல் வெள்ளையாக ஆவி எழும்பி, சொல் முடிந்ததும் கலைந்தது. வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். காய்ச்சல் இல்லை என்று சொல்லிக் கட்டணத்தை வாங்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரிப் போர்வைகளையும் விடுதி விரிப்புகளையும் வெளுக்கும் தெரு அது. ஒவ்வொரு கூடத்திலும் ஒரு கொதிகலன் இருந்தது. பழையவற்றைக் கழற்றிப் புதியவை வைக்க வேண்டும், கலனுக்கும் ஆட்களுக்கும் நடுவே கனத்த சுவர் எழுப்ப வேண்டும் என்றது சட்டம். முடிந்தவர்கள் செய்தார்கள், முடியாதவர்கள் பூட்டினார்கள். அக்காவும் தங்கையுமாக ஒரு கூடம் நடத்திய இருவர், வீட்டின் முன்னறையைச் சாவி செய்கிறவனுக்கு விற்றுப் புதுக்கலன் வாங்கினார்கள். கலனடியில் நிற்பது பெரியவள். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். விடுதிக்காரர்களிடம் பேசி வேலை பிடிப்பது சின்னவள். சின்னவளின் கணவன் பக்கத்துக் கூடத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அந்தக் கூடம் பூட்டியதும், துறைமுக ஊர் ஒன்றில் மீன் பதப்படுத்தும் குளிர்கிடங்குக்கு வேலைக்குப் போனான். பெட்டியைத் தூக்கும்போது யாரையும் குறை சொல்லவில்லை. அதுதான் சின்னவளுக்கு ஆறவில்லை.

ஆவி வந்த நால்வரில் பெரியவளும் ஒருத்தி. அவள் பேசிக்கொண்டே தலைவாரினால் கண்ணாடி மங்கிப்போகும். "கொஞ்சம் வாயை மூடிக்கிட்டுத் தலைவாருக்கா, முகமே தெரியல" என்பாள் சின்னவள். பழைய கலனைக் கழற்றிய நாளில்தான் ஆவி தொடங்கியது என்பதை அப்போது யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

சட்டத்தை நீக்கக் கோரித் தெருவைத் திரட்டியவள் சின்னவள்தான். நன்மை தீமையை எடைபோட ஓர் அதிகாரி வந்தாள். மெலிந்த பெண், காலில் தூசி படிந்த செருப்பு. பூட்டிய கூடத்தில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து எல்லோரையும் பேசவிட்டாள். கடை போனவர்கள் பேசினார்கள், வேலை போனவர்கள் பேசினார்கள், படிப்பை நிறுத்திய பெண்பிள்ளையின் தகப்பன் அவள் புத்தகப்பையைப் பெஞ்சில் வைத்தான். யாருக்காவது இதனால் நல்லது நடந்ததா என்று அதிகாரி கேட்டாள். பெரியவள் மட்டும் எழுந்து, "எனக்கு என்ன நடந்துச்சுன்னு எனக்கே தெரியலம்மா" என்றாள். ஆவி பெஞ்சுவரை வந்தது. சிலர் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்காமல் அந்த ஆவி கலையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

சட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. முற்றங்களில் துருப்பிடித்துக் கிடந்த பழைய கலன்கள் மறுபடி அடுப்பு மேடையில் ஏறின. முதலில் ஏற்றியவர் நீலம் என்ற பட்டப்பெயர்க்காரர். வெள்ளைத் துணிக்கு அளவுக்கு மீறி நீலம் போடுகிறவர். அவருடைய அடுப்புக்காரனும் நால்வரில் ஒருவன். கலன் மேடையில் உட்கார்ந்த அன்று அவன் வாயில் ஆவி நின்றது. "இப்பத்தான் மனுஷனா இருக்கேன்" என்று தெருவில் எல்லோரிடமும் வாயைத் திறந்து ஊதிக் காட்டினான். அந்த வாரமே கலன் வெடித்தது. போர்வைகள் எதிர்வீட்டு மாடியில் போய் விழுந்தன. செத்தது அவன் ஒருவன்தான். தூங்கிவிட்டான் என்று நீலம் சொன்னார். தூங்கவில்லை என்று சொல்ல ஆள் இல்லை. மிச்சமிருந்த மூவரும் அன்றிலிருந்து, எழுந்ததும் முதல் வேலையாகக் கையை வாய்க்கு முன்னால் வைத்து ஒரு சொல் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள்.

பழைய கலன்கள் கொஞ்சமாய்த்தான் எரிபொருள் தின்றன. அவற்றை வைத்தவர்கள் சலவைக் கூலியைக் குறைத்தார்கள், விடுதிகள் அந்தப் பக்கம் சாய்ந்தன. பக்கத்துக் கூடம் திறக்கப்போவதாகவும் பழைய ஆட்களைக் கூப்பிடுவதாகவும் பேச்சு வந்தது. தானும் பழைய கலனை ஏற்றிவிடுவது என்று சின்னவள் ஒரு மத்தியானம் துணி மடித்துக்கொண்டே முடிவு செய்தாள். யாரிடமும் சொல்லவில்லை. கலன் முற்றத்தில் அசையாமல் கிடந்தது. அப்போது பெரியவள் உள்ளே வந்து, "சாப்பிட்டியாடி?" என்று கேட்டாள். வாயிலிருந்து ஆவி வரவில்லை.

சின்னவள் இன்னொரு தடவை பேசச் சொன்னாள். பெரியவள் கையை வாய்க்கு முன்னால் கொண்டுபோனாள். தங்கையின் முகத்தைப் பார்த்து அவளுக்கும் விளங்கிவிட்டது. மடித்துக்கொண்டிருந்த விரிப்பின் மறுமுனையைப் பிடித்து மடிக்க உதவினாள். சின்னவள் அதைப் பாதியில் விட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

சட்டங்களை எடைபோடும் அந்த அலுவலகம் ஒரு வங்கியின் மாடியில் இருந்தது. அதிகாரி அவளை உட்காரச் சொன்னாள்.

"சட்டத்தைத் திரும்பப் போடுங்க மேடம். எங்க அக்காவுக்கு ஆவி நின்னுபோச்சு."

அதிகாரி ஆச்சரியப்படவில்லை. "ஆத்துப் பாலத்துல இவ்வளவு பாரத்துக்கு மேல போகக்கூடாதுன்னு சட்டம் வச்ச ஊர் ஒண்ணு இருக்கு. அங்க சில பேருக்குத் தலைமுடி காயவே காயாது. அதை எந்தக் கணக்குல சேர்க்கிறதுன்னு மேலிடத்துல கேட்டேன். இன்னும் பதில் இல்ல" என்றாள். பிறகு, "நீங்க மட்டும் புதுக்கலனை வச்சுக்கலாமே?" என்று கேட்டாள்.

"நான் மட்டும் வச்சா கடையை மூடணும். எல்லாரும் வச்சா நானும் பிழைச்சுக்குவேன்."

"பக்கத்துக் கூடம் திறக்காது. உங்க வீட்டுக்காரர் வரமாட்டார். யோசிச்சீங்களா?"

சின்னவள் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். "பஸ்ல வர்றப்ப அதைத்தான் யோசிச்சேன்" என்றாள்.

சட்டம் திரும்ப வந்தது. இந்தமுறை அவகாசம் கொடுத்தார்கள். சின்னக் கூடங்கள் சேர்ந்து ஒரே கலன் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி சேர்த்தார்கள். அப்படிச் சில கூடங்கள் திறந்தன, பக்கத்துக் கூடம் திறக்கவில்லை. யார் போய்க் கேட்டது என்று தெருவுக்குத் தெரிந்ததும் சிலர் சின்னவளிடம் பேச்சை விட்டார்கள். கேட்டுவிட்டு அன்று அவள் வீடு திரும்பியபோதே பெரியவளின் கண்ணாடி மங்கித்தான் இருந்தது. 

சில வருஷங்கள் போயின. பெரியவளின் தலை நரைத்தது, ஆவி குறையவில்லை. வாசலுக்கு வருகிறவர்கள் அவள் பேசும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொள்ளப் பழகினார்கள். ஒரு மழைக்காலக் காலையில் சின்னவளின் கணவன் விடுப்பில் வந்தான். கிடங்கில் அவன் விரல்களில் இரண்டு மரத்துப்போயிருந்தன. சட்டத்தைத் திரும்பக் கேட்டது யார் என்பதும் ஏன் என்பதும் அவனுக்கு எப்போதோ தெரிந்திருந்தது. சின்னவள் அவன் வாயையே பார்த்தாள். அவன் பேசினான், ஒன்றும் வரவில்லை. அந்தச் சட்டத்தில் அவனுக்கென்று எதுவும் இருக்கவில்லை.

பெரியவள் பயணம் எப்படி, ரயிலில் இடம் கிடைத்ததா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். அவன் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டான். இரண்டு கைகளையும் அவள் முகத்துக்கு முன்னால் நீட்டி, விரல்களை விரித்துக்கொண்டான்.

"பேசுங்கக்கா" என்றான். "கை விறைச்சுப்போச்சு."