ஒருவருக்கும் விறைக்காத கரை

என் மனுசன் ஸ்ரனிஸ்லஸ் முல்லைத்தீவில் கடலட்டை பிடிக்க ஆழத்துக்குச் சுழியோடுகிறவர். போன கிழமை கால் இரண்டும் வழங்காமல் போயின, பிறகு கைகளும். டாக்டர் சுற்றிவளைக்காமல் சொன்னார்: இவரின் இரத்தத்தில் ஊறியதே இவரின் நரம்பைத் தின்கிறது, அடுத்தது மூச்சுத்தான். இரத்தத்தை மெசினுக்குள் இழுத்து, அதிலுள்ள மஞ்சள் நீரைப் பிரித்து எறிந்துவிட்டு, வேறு திரவம் சேர்த்துத் திருப்பி ஏற்றவேண்டும். ஐந்து தரம்.

கழுத்தில் குழாய் போட்டார்கள். தாதி தேனுகா ஒவ்வொரு தரமும் அதையே சொன்னாள்.

"அண்ணை, இரத்தம் உறையாமல் இருக்க ஒரு மருந்து போகுது. அது கல்சியத்தைக் குறைக்கும். உதடு விறைச்சால் உடன சொல்லுங்கோ. கவனிக்காமல் விட்டால் இதயம் நிண்டிடும்."

"ஓம்" என்றார்.

அந்த ஓம் எனக்குத் தெரியும். ஆழத்திலிருந்து வந்து 'விறைக்குது' என்று வாய் திறக்கிறவனைப் படகுக்காரச் சம்மாட்டி ஒரு மாதம் தொழிலுக்கு ஏற்றமாட்டார். அதனால் எங்கள் கரையில் ஒருவருக்கும் ஒருநாளும் விறைத்ததில்லை. இவர் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி "ஒண்டுமில்லை" என்பார். பதினாலு வருசமாய்க் கேட்ட பொய்.

மூன்றாம் தரம், மெசின் ஓடி அரை மணித்தியாலத்தில் உதட்டைப் பல்லால் கடிக்கத் தொடங்கினார்.

"இஞ்சாருங்கோ, விறைக்குதோ?"

"சும்மா இரு. நிப்பாட்டிப் போடுவினம்."

தேனுகா எட்டிப் பார்த்து, "அக்கா, எப்பிடி இருக்கிறார்?" என்று கேட்டாள்.

"ஒண்டுமில்லை, மிஸி" என்றேன். நான்தான் சொன்னேன். நிறுத்தினால் மூச்சுப் போய்விடும் என்ற பயத்தில் புத்தி கெட்டுப்போனது.

பத்து நிமிசத்தில் முகம் கோணிக் கண் செருகியது. திரையில் கோடு தாறுமாறாய் ஓடியது. மெசினை நிறுத்தி, ஊசி ஏற்றி, ஒருமாதிரிக் காப்பாற்றினார்கள்.

"சொல்லியிருந்தால் வேகத்தைக் குறைச்சு, கல்சியம் குடுத்து முடிச்சிருக்கலாம். இப்ப பாதியில நிக்குது" என்றார் டாக்டர். அன்று பின்னேரமே மூச்சு இறங்கியது. வாய்க்குள் குழாய் வைத்தார்கள்.

இன்று நான்காம் தரம். அவருக்குப் பேச்சில்லை. ஓம் என்றால் கண்ணை ஒருதரம் மூடவேண்டும்.

"அண்ணை, விறைக்குதோ?" என்று தேனுகா கேட்டாள்.

அவர் கண்ணை அகல விரித்தே வைத்திருந்தார். கண்ணோரம் நீர் வழிந்தது. மூடினால் ஓம் ஆகிவிடுமென்று மூடவில்லை.

"விறைக்குது, மிஸி" என்றேன். "மெதுவாய் விடுங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். கலியாணம் முடித்த நாளிலிருந்து அப்படியொரு வெறுப்போடு பார்த்ததில்லை. நான் அவர் முகத்தைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. மெசின் இன்னும் இரண்டு மணித்தியாலம் ஓட இருந்தது.