மாங்கன்றின் அடியில்

மூன்றாவது முறையும் மாங்கன்றின் வேர் வெளியே தெரிந்தபோது துரைசாமி ஒரு முடிவுக்கு வந்தார். அவர் முடிவுக்கு வந்தால் வேலூர் சத்துவாச்சாரியில் அந்தத் தெருவுக்கே தெரிந்துவிடும். காலை ஆறரை மணிக்குப் பல் கூடத் தேய்க்காமல், கையில் மண்வெட்டியோடு தோட்டத்தில் நின்று, இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவதாக உரக்கச் சொன்னார். எதிரே ஆள் யாரும் இல்லை. சமையலறை ஜன்னல் வழியே மனைவி அமிர்தவள்ளி கேட்டுக்கொள்ளட்டும் என்றுதான் சொன்னது.

அமிர்தவள்ளி கேட்டுக்கொண்டாள். பாலை இறக்கி வைத்தாள்.

வம்பெல்லாம் பக்கத்து வீட்டு நாயால். அதன் பெயர் பிஸ்கட். நிறமும் அதேதான். ஒரு காது நிமிர்ந்து ஒரு காது மடிந்த நாட்டு நாய். இரண்டு தோட்டத்துக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர் மட்டும்தான் உண்டு. வீடு கட்டும்போது நர்ஸ் கிருபாவும் துரைசாமியும் பேசித்தான் அந்த உயரத்தில் நிறுத்தினார்கள். குழம்புக் கிண்ணம் கைமாற வசதி, நின்று நாலு வார்த்தை பேச வசதி என்றார்கள். அந்த வசதியை இப்போது நாயும் எடுத்துக்கொண்டது.

கிருபா கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். ஆஸ்பத்திரி, சர்ச், வீடு, இதுதான் அவள் போக்குவரத்து. கொரோனா சமயத்தில் வார்டிலேயே நோய் தொற்றி, பதினேழு நாள் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் கிடந்தாள். எங்கிருந்தோ வந்த ஒரு குட்டி அவள் பின்வாசலில் படுத்துக்கொண்டு நகரவே இல்லை. அமிர்தவள்ளி சுவர்மேல் வைத்துவிட்டுப் போகும் கஞ்சியில் அதற்கும் பங்கு போயிற்று. அந்தப் பதினேழு நாளும் தன் முகத்தைப் பார்த்தது அது ஒன்றுதான் என்று கிருபா பிறகு அமிர்தவள்ளியிடம் சொல்லியிருக்கிறாள். அதிலிருந்து அவளுக்கு வீட்டில் ஆள் என்றால் பிஸ்கட்தான். டியூட்டி முடிந்து வரும்போது கேட்டுக்கு அந்தப் பக்கம் வால் ஆடினால்தான் அவளுக்கு வீடு வந்து சேர்ந்த மாதிரி.

துரைசாமியின் கதை வேறு. ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஒரு டேனரியில் முப்பத்தாறு வருஷம். சுண்ணாம்புத் தொட்டியில் தோலைப் புரட்டிப் போடும் ஆளாகச் சேர்ந்து, அதே பகுதிக்கு சூப்பர்வைசராகி ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற மறுவாரம் ஒரு பங்கனபள்ளி ஒட்டுக்கன்று வாங்கி நட்டார். அது காய்த்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு மேல் அவருக்குப் பெரிய ஆசை எதுவும் கிடையாது. அதற்கு உரம் போடுவதில்தான் தன் தொழில் மூளையைக் காட்டினார்.

தோலின் உட்புறம் ஒட்டியிருக்கும் சதையையும் கொழுப்பையும் டேனரியில் ஒரு மிஷின் சீவித் தள்ளும். அந்த ஜவ்வு விழுந்த மண்ணில் கம்பெனிச் சுற்றுச்சுவர் ஓரத்துத் தென்னை எப்படிக் காய்க்கும் என்று வாலிப வயதிலேயே பார்த்தவர் அவர். கூட வேலை செய்த தோஸ்த் கவுஸ் பாஷா இன்னும் அங்கேதான் இருந்தார். மூன்று மாதமாக அவர் ஸ்கூட்டரில் ஒரு பை ஜவ்வு கொண்டுவந்து கொடுப்பார்; துரைசாமி வேப்பம்புண்ணாக்கோடு கலந்து கன்றைச் சுற்றிப் புதைப்பார். இரண்டடி ஆழம் என்பது கணக்கு. முதுகுவலியில் அது அரையடிக்கு வந்துவிட்டது. நாற்றம் வருமே என்று இரண்டு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தோன்றாததற்குக் காரணம் இருந்தது. கவுஸ் பாஷா இன்னும் அந்த நாற்றத்திலேயே வேலை செய்பவர். துரைசாமிக்கு மூக்கு செத்துப் பல வருஷமாயிற்று. அத்தனை காலம் அந்தத் தொட்டிகளின் ஆவியில் நின்றதில் எப்போது போனதென்று அவருக்கே தெரியாது. ஒரு நாள் ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது, வாசனை மட்டும் இல்லை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. தினமும் மத்தியானம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "கமகமன்னு இருக்குதே" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். அமிர்தவள்ளி சிரித்துக்கொண்டே இலை போடுவாள்.

ஆக, அன்று காலை மண்வெட்டியும் கையுமாகச் சுவரருகே போய்க் கிருபாவைக் கூப்பிட்டார். கிருபா என்று கூப்பிடவில்லை. சண்டை என்று வந்துவிட்டால் அவள் அவருக்கு சிஸ்டர்.

"சிஸ்டர், நாயைக் கட்டிப் போடுங்க. மூணாவது வாட்டி ஆச்சு. கன்னு செத்துடும்."

கட்டித்தான் போடுகிறேன் என்றாள் கிருபா. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய உடையில் இருந்தாள். இரண்டு கயிற்றை அறுத்தாயிற்று, சுவர்மேல் வலை அடித்துப் பார்த்தாயிற்று, அதையும் கடித்தாயிற்று என்று சொன்னாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க அங்கிள். உங்க தோட்டத்துல நாத்தம் ஜாஸ்தியா வருது. டேனரி நாத்தம் மாதிரி. அதுக்குத்தான் அது வருது."

அதற்கு மேல் அவள் சொன்னது எதுவும் துரைசாமியின் காதில் விழவில்லை. டேனரி நாற்றம் என்ற சொல்லை அவர் ஆயிரம் முறை கேட்டிருக்கிறார். வேலை முடிந்து ஏறும் பஸ்ஸில் அவர் பக்கத்து சீட் வேலூர் வரைக்கும் காலியாகவே வரும். மச்சினன் கல்யாணத்துக்கு மூன்று முறை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுப் போனார்; பந்தியில் பக்கத்து இலைக்காரர் மூக்கைச் சுளித்துத் தன் இலையைத் தூக்கிக்கொண்டு எதிர் வரிசைக்குப் போய்விட்டார். சத்துவாச்சாரியில் சொந்த வீடு கட்டி, ஓய்வும் பெற்று, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்ட பிறகும் அந்தச் சொல் சுவருக்கு மேலே தலையை நீட்டிவிட்டது. அதுவும் கிருபாவின் வாயிலிருந்து. அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"என்கிட்ட நாத்தம் வருதுன்னு சொல்ல நீ யாரு?" என்றார். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம். அதுக்கப்புறம் அது இங்க இருந்தா கார்ப்பரேஷன் நாய் வண்டிக்குச் சொல்லிடுவேன்."

கிருபா ஏதோ சொல்ல வந்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வண்டி என்ற வார்த்தையே போதுமானதாக இருந்தது. அவள் டியூட்டியில் இருக்கும்போது யாராவது வந்து சுருக்குப் போட்டு இழுத்துப் போய்விட்டால் என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அணைக்கட்டு ஊரிலிருந்து அவள் தம்பி ஷாஜின் மினி வேனோடு வந்தான். அவனுக்கு அங்கே நிலமும் மாடும் உண்டு. பிஸ்கட் ஏறமாட்டேன் என்று நாலு காலையும் ஊன்றி நின்றது. கிருபாதான் தூக்கி ஏற்றினாள். அமிர்தவள்ளி ஓடிப்போய் அதன் வாயில் ஒரு இட்லியைக் கொடுத்தாள்; அது அதைத் தின்னாமல் கவ்விக்கொண்டே போயிற்று. துரைசாமி ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு, ஒரு வழியாக பேஜார் விட்டது என்றார். ஆனால் அன்று மத்தியானம் சாப்பிடும்போது கமகம என்று சொல்ல மறந்துபோனார்.

ஒரு வாரம் கன்று நிம்மதியாக இருந்தது. எட்டாம் நாள் காலை போய்ப் பார்த்தால் வேர் முழுக்க வெளியே கிடந்தது. பிஸ்கட் தோண்டியது ஒரு முழம் என்றால் இது நாலு முழம். துரைசாமிக்கு ஒன்றும் புரியவில்லை. மண்ணைத் தள்ளி மூடினார். மறுநாள் விடியும்போதே நாற்காலி போட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்துவிட்டார்.

வெளிச்சம் வந்ததும் பின்பக்கக் காலி மனையிலிருந்து மூன்று தெருநாய்கள் வந்தன. இத்தனை நாள் பிஸ்கட்டின் குரலுக்குப் பயந்து எட்டிப் பார்க்காதவை. அவரை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் நேராகக் கன்றடிக்குப் போய்த் தோண்ட ஆரம்பித்தன. கல்லை எடுத்து வீசினார். பத்தடி தள்ளி நின்றுகொண்டு, எப்போது உள்ளே போவாய் என்பதுபோல அவரையே பார்த்தன.

அமிர்தவள்ளி காபியோடு வந்தாள். டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். அதைத் துரைசாமி பார்த்துவிட்டார்.

"இன்னா?"

"நாத்தம் அடிக்குதுங்க. மூணு மாசமா அடிக்குது."

"எனக்கு ஒண்ணும் வரலையே."

"உங்களுக்கு எப்படி வரும்?" என்றாள் அமிர்தவள்ளி. "போன வருஷம் ஒரு நாள் எனக்கு ஜுரம். வெறும் தயிர் சாதம் கலந்து வெச்சிட்டுப் படுத்திருந்தேன். மீன் குழம்பு வாசல் வரைக்கும் மணக்குதுன்னு சொல்லிக்கினே உள்ள வந்தீங்க."

துரைசாமியின் முகத்தில் ஈயாடவில்லை. காபி டம்ளரை மூக்கருகே கொண்டுபோய்ப் பழக்கதோஷத்தில் ஒரு மூச்சு இழுத்தார். சூடு மட்டும்தான் தெரிந்தது.

"அப்பவே தெரியுமா உனக்கு?"

"அதுக்கும் முன்னாடியே."

"சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நீங்க சொல்லலையே."

அவள் டம்ளர் மூடியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். துரைசாமி அங்கேயே உட்கார்ந்திருந்தார். கிருபா சொன்னது இப்போதுதான் முழுசாக அவர் காதில் விழுந்தது. உங்க தோட்டத்துல என்றுதான் அவள் சொன்னாள். உங்க மேல என்று சொல்லவே இல்லை. பஸ்ஸில் எழுந்து போனவர்கள்மீதும் பந்தியில் இலையைத் தூக்கியவன்மீதும் காட்டாத கோபத்தையெல்லாம் சேர்த்துவைத்து, ஐந்து வருஷம் ஒரு பெண்ணுக்குத் துணையாயிருந்த வாயில்லாப் பிராணிமேல் இறக்கிவிட்டிருக்கிறார். அவருக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. பக்கத்தில் யாரும் இல்லாததால் கொஞ்சம் அழுதார்.

பிறகு எழுந்து கன்றைச் சுற்றி முழுவதும் வெட்டினார். அழுகிய ஜவ்வை இரண்டு மூட்டையாகக் கட்டி, கவுஸ் பாஷாவுக்கு போன் போட்டு வந்து எடுத்துப்போகச் சொன்னார். குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு, சுவரோரம் போகாமல், தெருவைச் சுற்றிக் கிருபாவின் வாசல் மணியை அடித்தார்.

அவள் கதவைப் பாதிதான் திறந்தாள்.

"கிருபா," என்றார். "எனக்கு வாசனையே தெரியாதும்மா. நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது. நீ சொன்னது நெஜம். நான் வேற மாதிரி எடுத்துக்கினேன்."

"நான்தான் அங்கிள் அதைத் தூக்கி வண்டில ஏத்தினேன்," என்றாள் கிருபா. "என் கையால."

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. நாளைக்குத் தனக்கு ஆஃப் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் இருவரும் அணைக்கட்டு பஸ் ஏறினார்கள். பஸ் பயணம் என்றதும் பழைய பழக்கத்தில் கை தானாகக் குழாயடிக்குப் போக, துரைசாமி கிளம்புமுன் முழங்கை வரை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார். பஸ்ஸில் கிருபா அவருக்கு முன் சீட்டில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஷாஜின் வீட்டு மாட்டுக்கொட்டகையில் பிஸ்கட் சங்கிலியில் கிடந்தது. விலா எலும்பு தெரிந்தது. வைத்த சோறு வைத்தபடி இருக்கிறது என்றான் ஷாஜின். கிருபாவைக் கண்டதும் அது போட்ட கூச்சலில் மாடெல்லாம் எழுந்து நின்றன. அவள் மண்ணில் உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டாள். பிறகு சங்கிலியைக் கழற்றினாள்.

விட்டதும் அது துரைசாமியிடம் வந்தது. குரைக்கும், கடித்தாலும் கடிக்கும், கடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்தபடி அவர் நின்றார். அது அவர் உள்ளங்கையை முகர்ந்தது. விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக முகர்ந்தது. பிறகு நக்க ஆரம்பித்தது. முப்பத்தாறு வருஷமாக மனிதர்கள் விலகிப்போன கையை விட்டு அது நகரவில்லை.

துரைசாமி கிருபாவிடம் கையை நீட்டினார். யாரிடமும் இதுவரை கேட்காததைக் கேட்டார்.

"இன்னும் இருக்குதாம்மா?"

கிருபா அவர் முகத்தைப் பார்த்தாள். எழுந்து வந்து, அவர் கையைப் பிடித்து, மூக்கருகே கொண்டுபோனாள்.

"லேசா இருக்கு அங்கிள்," என்றாள்.

துரைசாமி தலையாட்டினார். கையை அவர் இழுத்துக்கொள்ளவில்லை. அவளும் உடனே விடவில்லை. பதினொன்றரைக்குத் திரும்பும் பஸ், நாயை ஏற்ற மாட்டார்கள், நானே வேனில் கொண்டுவந்து விடுகிறேன் என்று ஷாஜின் சொல்லிக்கொண்டிருந்தான்.