குறி குறையாத போத்தல்

கனிசியஸின் பையை நான் ஒரு மாதமாகக் கவனித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பாடசாலை ஆய்வுகூட உதவியாளர் அவன். குருநகரிலிருந்து சாவகச்சேரிக்கு பஸ்ஸில் வருகிறவன். காலையில் தட்டையாக வருகிற பை பின்னேரம் புடைத்துக்கொண்டு போகும். கேட்டால் சந்தையில் வாங்கிய கத்தரிக்காய் என்பான். ஒரு மனுசன் நாளாந்தம் கத்தரிக்காயா தின்னுவான்?

நான் பத்தாம் வகுப்பு விஞ்ஞான ஆசிரியர். அமிலத்தில் மக்னீசியம் நாடாவைப் போட்டால் முன்பெல்லாம் பொங்கும். இப்போது செத்த புழு மாதிரிக் கிடக்கிறது. ஆனால் அமிலப் போத்தலில் அளவு மட்டும் குறையவில்லை. லேபலில் போட்ட பென்சில் குறிவரைக்கும் நிறைந்து நிற்கிறது. பொருட்கணக்கெடுக்க வருகிறவர்கள் அந்தக் குறியைத்தான் பார்ப்பார்கள். உவன் அமிலத்தைக் கக்கூஸ் கழுவ விற்றுவிட்டுத் தண்ணீர் ஊற்றுகிறான்! எனக்கு வந்த ஆத்திரத்தில் கல்விப் பணிமனைக்கு எழுதிப் போட்டேன். ஆறு வருடம் தற்காலிகமாக இருந்தவனுக்கு நிரந்தர நியமனம் வரவிருந்த நேரம் அது. கள்ளனுக்கு என்ன நியமனம்?

அதிகாரி வகுப்பு நடக்கும்போதே வந்தார். பிள்ளைகளுக்கு முன்னாலேயே விசாரணை.

"தண்ணி ஊத்தினது ஆர்?"

"நான்தான், ஐயா," என்றான் கனிசியஸ்.

"அமிலத்தை என்ன செய்தனீர்?"

"நான் எடுக்கேல்லை, ஐயா. பாக்கேக்கையெல்லாம் குறிக்குக் கீழை இறங்கிக் கிடக்கும். குறைஞ்சால் என்ரை தலையிலைதானே விழும்? அதுதான் நிரப்பி வைச்சனான்."

"அடி சக்கை! நல்ல கதை," என்று நான் சிரித்தேன்.

முன்வாங்கில் இருந்த ஜெசிதா கையை உயர்த்தினாள். "சேர், போன வருசம் உங்கடை ரியூசனுக்கு ஜாம் போத்தலிலை கொண்டு வந்த அசிட் நல்லாப் பொங்கினதெல்லோ? அதிலை மிச்சம் இல்லையோ?"

கிழமைக்கு ஒரு ஜாம் போத்தல். பிள்ளைகளுக்குத்தானே என்று நான் இந்தப் போத்தலிலிருந்து ஊற்றிக்கொண்டு போனது. அடுத்த கிழமை பார்த்தால் குறி அப்படியே நிற்கும். அதனால் நான் எடுத்ததை எடுத்ததாகவே நினைத்ததில்லை.

"மாஸ்டர், பிள்ளை என்ன சொல்லுது?" என்றார் அதிகாரி.

கனிசியஸ் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கும் அந்த நிமிடந்தான் விளங்கியிருக்க வேண்டும். உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்.

"அது கடையிலை வாங்கினது, சேர்," என்றேன்.

அதிகாரி தலையாட்டிவிட்டுக் கனிசியஸ் பக்கம் திரும்பிப் பேனையை எடுத்தார். "உம்மடை முழுப்பேரைச் சொல்லும்."

கனிசியஸ் என்னைப் பார்த்தபடியே சொன்னான்.